கரணை கொடுக்காத மேஸ்திரி

போரூர் கூட்டுரோட்டில் காலையில் கூலிக்கு நிற்கிற பொம்பளைகளுக்கு அந்த வருஷம் புதுசாக ஒரு வேலை வந்தது. டிவி பார்க்கிற வேலை.

முதல் நாள் வேன்காரன் வந்து கூப்பிட்டபோது ஒருத்தியும் நம்பவில்லை. "கல்லு சுமக்க வேணாம், மணலு சலிக்க வேணாம். குந்திக்கினு நாடகம் பாக்கணும். சாப்பாடும் உண்டு, கூலியும் உண்டு" என்றான்.

"இப்பிடித்தான் ஒருத்தன் கூட்டிட்டுப் போயி கிட்னிய எடுத்தான்" என்று லூர்து மேரி இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

பூங்காவனம்தான் முதலில் வேனில் ஏறினாள். ஐம்பத்து மூன்று வயசு, முப்பது வருஷம் சட்டி தூக்கின உடம்பு. இடுப்பு விட்டுப்போய் ஆறு மாசமாகியிருந்தது. "எடுக்கட்டும்டி. வலியும் அதோட சேந்து போவுதான்னு பாப்போம்" என்றாள். அவள் ஏறினதைப் பார்த்து லூர்து மேரி ஏறினாள். லூர்து மேரி ஏறினால் கூட்டுரோடே ஏறும். பன்னிரண்டு பேர் ஆனார்கள்.

வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ. உள்ளே குளிர் ரூம், மெத்தை வைத்த நாற்காலி, சுவர் அகலத்துக்குத் திரை. ரெஜினா என்று ஒரு பெண், இருபத்தாறு வயசிருக்கும், ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் கறுப்பாக ஒரு பட்டையைக் கட்டினாள். அது நாடி பிடிக்கிற பட்டை. நாடகத்தில் எந்த இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எந்த இடத்தில் அடங்குகிறது என்று எடுத்துப் பக்கத்து ரூமிலிருந்த இயந்திரத்துக்குச் சொல்லும். அந்த இயந்திரம்தான் நாடகத்தைச் செய்தது. நடிகர்கள் முகத்தை விற்றுவிட்டு வீட்டில் இருந்தார்கள். அந்த முகங்களைப் பேசவைத்து, அழவைத்து, சண்டை போடவைத்து, காலையில் இவர்களுக்குக் காட்டி, நாடிக்குத் தகுந்தபடி மாற்றி, சாயங்காலம் ஊருக்கெல்லாம் விட்டது. பொம்பளைகள் அதற்குக் 'கதைக்காரன்' என்று பேர் வைத்தார்கள்.

"ஏம்மா, படிச்சவங்க எத்தினி பேரு கீறாங்க. எங்கள எதுக்குக் கூட்டியாந்த?" என்று லூர்து மேரி கேட்டாள்.

"படிச்சவங்க, இதைப் பாத்தா நாம என்ன நினைக்கணும்னு யோசிச்சுக்கிட்டே பாக்குறாங்கம்மா. கணக்கு தப்பாயிடுது. உங்க நாடி நேரா பேசுது" என்றாள் ரெஜினா.

நாடகத்து ஆம்பிளை பேர் ராஜதுரை. கட்டட மேஸ்திரி. அவன் பெண்டாட்டி கோமதி அவனுக்கே சித்தாள். பத்து வருஷமாக அவன் கேட்கிற கலவையை எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கலவை பூசுகிற கரணையைக் கையில் வாங்கி ஒரு சுவர், ஒரே ஒரு சுவர், தானே பூசிப் பார்க்க வேண்டும். அவன் தரமாட்டான். "பொம்பள கை பட்ட பூச்சு பொழுது விடிஞ்சா உதிரும்" என்பான். அதைச் சொல்லும்போது ஒரு பக்கமாக உதட்டைச் சுழித்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு ஊரே கிறங்கிக் கிடந்தது. பத்திரிகையில் அவனைத் திட்டி எழுதினார்கள். திட்டத் திட்டப் பார்க்கிறவர்கள் பெருகினார்கள். டீக்கடையில் அந்த வசனம், ஆட்டோ முதுகில் அந்த வசனம்.

மற்றவர்களுக்கு அது நாடகம். பூங்காவனத்துக்கு அப்படியில்லை.

அவள் புருஷன் ஏகாம்பரமும் மேஸ்திரிதான். நல்ல கைகாரன். அவன் பூசின சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம் என்பார்கள். கரணையைப் பெண்டாட்டி கழுவக்கூட விடமாட்டான். தானே கழுவி, தானே துடைத்து, துணியில் சுற்றி வைப்பான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மதுரவாயலில் ஒரு மாடி வீட்டு வேலையில் பின்பக்கத்துக் குளியலறைச் சுவர் பாக்கி இருந்தது. மத்தியானம். வேறு ஆள் யாருமில்லை. அவன் என்ன நினைத்தானோ, அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கரணையைத் திருப்பிப் பிடித்தான். பிடி அவள் பக்கம் இருந்தது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு அடி வைத்தாள். வாசலில் இன்ஜினியரின் பைக் சத்தம் கேட்டது. கரணை பழையபடி திரும்பிக்கொண்டது. "இன்னா நிக்கிற? போயி கலவை எடுத்தா" என்றான்.

அதற்கப்புறம் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தான். அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சிமெண்டு தூசி நெஞ்சில் இறங்கிச் செத்துப்போய் ஒன்பது வருஷமாகிறது. பைக் வராமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பானா, இல்லை விளையாட்டுக்குத்தான் நீட்டினானா? சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, எப்போது வேண்டுமானாலும் இந்தக் கேள்வி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ராஜதுரை கொடுத்துவிட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட ஆம்பிளையும் கொடுப்பான் என்று ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால், ஏகாம்பரமும் கொடுத்திருப்பான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். பட்டை நெஞ்சைக் கேட்கிறது என்கிறார்கள். அப்படியானால் மனசார வேண்டிக்கொண்டால் கதைக்காரன் காதில் விழத்தானே வேண்டும்? ராஜதுரை கரணையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பூங்காவனம் கண் இமைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மாரியம்மன் முன்னால் தீச்சட்டி ஏந்தினவள் மாதிரி வேண்டினாள். 'குடுடா. குடுத்துடுடா.'

ராஜதுரை நீட்டுவான். கோமதி கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். போன் அடிக்கும். ராஜதுரை கரணையை இழுத்துக்கொள்வான். மறுநாள் நீட்டுவான், அவன் அம்மா மயங்கி விழுவாள். அதற்கு மறுநாள் மழை வரும். எழுபது நாளாயிற்று, நூறு நாளாயிற்று. பூங்காவனத்தின் வேண்டுதலும் நாளுக்கு நாள் உறுதியானது.

இதற்கு நடுவில் ஒரு காலை லூர்து மேரி முகம் செத்துப்போய் வந்தாள். அவள் மருமகள் ஜோஸ்பின் அய்யப்பன்தாங்கலில் ஒரு சைட்டில் பூச்சு வேலை பழகிக்கொண்டிருந்தாள். மூன்று மாசமாகக் கரணை பிடித்துக் கை திருந்தி வந்த நேரம். மேஸ்திரி அதைப் பிடுங்கிவிட்டுச் சட்டி தூக்க அனுப்பிவிட்டான்.

"ஏனாம்?" என்றாள் பூங்காவனம்.

"ஏனா? பொம்பள கை பட்ட பூச்சு பொழுது விடிஞ்சா உதிருமாம்" என்று லூர்து மேரி அந்தச் சுழித்த சிரிப்பையும் சிரித்துக் காட்டினாள். "வூடு கட்றவன் வேணாங்கறானாம். அவன் பெண்டாட்டி நாடகம் பாக்கறவளாம். எம் மருமவ ரெண்டு நாளா சோறு துன்னல."

பூங்காவனம் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ரெஜினாவைத் தேடிப் போனாள். "பாப்பா, அவன் எப்பத்தான் குடுப்பான்? நான் வேண்டாத நாளில்ல."

"வேண்டுறீங்களா? எப்படிம்மா?"

பூங்காவனம் வெட்கத்தோடு சொன்னாள். ரெஜினா முழுசாகக் கேட்டாள். பிறகு தன் மேசைக்குக் கூட்டிப் போய்த் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். சமதரையில் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று மலையாக ஏறியிருந்தது.

"இது நீங்கதான். பன்னண்டு பேர்ல இவ்வளவு உயரம் யாருக்கும் இல்ல. அவன் கரணையை நீட்டுறப்போ ஏறுது. இழுத்துக்கிட்டான், இறங்குதா பாருங்க? இறங்கல. மறுநாள் நீங்க வந்து உக்காரும்போதும் அப்படியே நிக்குது. அதுக்கு வேண்டியது இதுதாம்மா."

"எதுக்கு?"

"கதைக்காரனுக்கு. ஆளுங்க நாளைக்கும் வந்து உக்காரணும், அது ஒண்ணுதான் அதுக்குச் சொல்லியிருக்கு. ராஜதுரை நல்லவனா கெட்டவனான்னு அதுக்குத் தெரியாது. குடுத்துட்டா உங்க கோடு இறங்கிடும்ல? அதனால குடுக்கவே விடாது. இந்தக் கதைக்கு மொதல்ல எழுத ஒரு ஆள் இருந்தார், அவர் நாப்பதாம் நாளே குடுக்கிற மாதிரிதான் எழுதிக் குடுத்தார். அதை அது தள்ளித் தள்ளி வைக்குது. உங்க ஏக்கம்தான் அதுக்குத் தீனி."

பூங்காவனம் அந்த மலையையே பார்த்தாள். "அப்போ ஜோஸ்பினு கையிலேர்ந்து புடுங்கினது நானா?"

"நீங்க மட்டும் இல்லம்மா. எங்கப்பா கூட இப்போ வீட்ல அவனை மாதிரியே சிரிக்கிறார். நான் தட்டை வெச்சா 'இன்ஜினியரம்மா கை பட்ட சோறு'ன்னு சொல்லிச் சிரிக்கிறார். அந்த மிஷினைப் பாத்துக்கிறவ நான்."

"என் கோடு மேல போவலைன்னா?"

"பன்னண்டு பேரும் அப்படி இருந்தா அது வேற வேற வழி தேடும். எதுவும் எடுபடலைன்னா கடைசியில எழுதி வெச்ச கதைக்குத் திரும்பிடும். ஆனா நெஞ்சை எப்படிம்மா அடக்குவீங்க? அது யாராலயும் முடியாது."

"முடியாதா? தளம் போட்டிருக்கியா நீ?" என்றாள் பூங்காவனம்.

தளம் போடுகிற நாளில் சாரத்தில் படிக்கு ஒருத்தியாக நிற்பார்கள். கீழே கலக்குகிற காங்கிரீட் சட்டி சட்டியாகக் கை மாறி மாடிக்குப் போகும். காலையில் ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் நிறுத்த முடியாது. புதுசாக வருகிறவள் சட்டியையே பார்ப்பாள். அது வருகிறதே, கனக்குமே என்று பயப்படுவாள். பத்தாவது சட்டியில் நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிடுவாள். பழைய ஆட்கள் சட்டியைப் பார்க்கவே மாட்டார்கள். மேல்படிக்காரியின் முழங்கையைப் பார்ப்பார்கள். அது மடங்கும்போது மூச்சை இழுத்து, நீளும்போது விட்டு, அத்தனை பேருக்கும் ஒரே மூச்சாகிவிடும். அப்புறம் ஆயிரம் சட்டி போனாலும் நாடி ஏறாது.

மறுநாள் வேனிலேயே பூங்காவனம் விஷயத்தைச் சொன்னாள். "யார் கோடு மேல போச்சோ அவளால சங்கிலி அறுந்துபூடும். தளம் போடறோம்னு நெனச்சுக்க."

"நாடகம் பாக்கறதுக்குப் பேரா தளம்? இடுப்பு மட்டுமில்ல, இவளுக்கு மண்டையும் விட்டுப்போச்சு" என்றாள் லூர்து மேரி. ஆனால் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்து முழங்கையை நீட்டினது அவள்தான்.

பன்னிரண்டு பேரும் பக்கத்தில் இருந்தவள் முழங்கையில் விரலை வைத்துக்கொண்டார்கள். திரை ஓடியது. ராஜதுரை கரணையை நீட்டினான். மூச்சு இழுத்தார்கள். போன் அடித்தது. மூச்சு விட்டார்கள். பூங்காவனத்துக்குத்தான் கஷ்டம். பிடி கோமதி பக்கம் திரும்பும்போதெல்லாம் மதுரவாயல் மத்தியானம் நெஞ்சுக்குள் எழுந்து நிற்கும். அவள் லூர்து மேரி முழங்கைத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளில் ரெஜினா கதவிடுக்கு வழியாகக் கட்டை விரலைக் காட்டினாள். கோடு தரையில் கிடந்தது.

அப்புறம் கதைக்காரன் தவித்த தவிப்பு இருக்கிறதே! முதலில் ராஜதுரைக்கு ஒரு பால்ய காலத்தைக் கொண்டுவந்தான். அவன் அம்மா அவனைச் சின்ன வயசில் விட்டுவிட்டு ஓடிப்போனவளாம், அதனால்தான் பொம்பளை என்றால் அவனுக்கு ஆகாதாம்.

"அன்னிக்கு மயங்கி வியுந்தவ யாருடா அப்போ?" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். "ஏய், மூச்ச வுடு" என்று லூர்து மேரி அதட்டினாள்.

அது எடுபடவில்லை. ராஜதுரைக்குத் தலையில் கட்டி வந்தது. இரண்டே நாளில் கட்டி கரைந்தது. கதைக்காரன் அவனை விட மோசமான ஒரு தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினான். தம்பி பெண்டாட்டியை உதைத்தான், ராஜதுரை குறுக்கே போய்த் தடுத்தான், பாட்டு போட்டார்கள். நேற்று வரைக்கும் முள்ளாக இருந்தவன் தம்பிக்குப் பக்கத்தில் பூவாகத் தெரிந்தான். பிறகு ராஜதுரையைக் கோமாளியாக்கிப் பார்த்தான். வாய்த்துடுக்கு வெறும் தமாஷ், உள்ளுக்குள் தங்கம் என்றான். கடைசியில் ராஜதுரையின் கையைக் கோமதி கன்னத்தில் இறக்கினான். அந்தச் சத்தத்துக்குப் பூங்காவனத்தின் விரலுக்குக் கீழே லூர்து மேரியின் முழங்கை ஒரு நொடி கல்லாக இறுகியது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று இவளுக்குத் தெரியும். விரலால் மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினாள். முழங்கை இளகியது. மூச்சு விட்டார்கள்.

பதினேழாம் நாள் காலை, வேறு வழியில்லாமல், ராஜதுரை கரணையைக் கொடுத்தான்.

என்ன மாதிரி கொடுத்தான் என்கிறீர்கள்! ஊரைக் கூட்டி, மாலை போட்டு, மைக்கில் பேசினான். "பெண் என்பவள்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம். அவன் கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீரை இடது பக்கத்திலிருந்து காட்டினார்கள், வலது பக்கத்திலிருந்து காட்டினார்கள். ஊர் கை தட்டியது. கோமதி கரணையை வாங்கி, அதோடு அவன் காலில் விழுந்தாள். அவன் தூக்கி நிறுத்தினான். மறுபடி அவன் முகம். சிரிப்பு. முடிந்தது.

பூங்காவனம் விரலை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இதற்காகத்தானே அத்தனை நாள் காத்திருந்தாள்! நெஞ்சு துள்ளட்டும் என்று இப்போது அவளே விட்டுப் பார்த்தாள். அது துள்ளவில்லை.

"அவ கையக் காட்டவே இல்லியே" என்றாள்.

ரெஜினா உள்ளே வந்திருந்தாள். "யாரு கை?"

"கோமதி கை. எப்பிடிப் புடிச்சான்னு பாக்கலாம்னு இருந்தேன். செரி, குடுத்தான். அவ பூசினாளா?"

ரெஜினா போய்த் தேடிவிட்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. "அதுக்கு மேல கதை இல்லம்மா. அவன் திருந்துறதோட முடிஞ்சுது. பூசுற மாதிரி செய்யுன்னு சொன்னேன். அதால முடியல. லட்சம் நாடகம் பாத்துத்தான் அது எல்லாம் கத்துக்கிட்டிருக்கு. அதுல ஒண்ணுலகூட ஒரு பொம்பள செவுரு பூசல. கரணையைக் குடுத்தா அவ கை ஆம்பிளைக் கையா மாறிடுது, இல்லன்னா கரணை கரண்டியா மாறி அவ சாம்பார் ஊத்துறா." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்க பூசிக் காட்டினா கேமராவுல எடுத்துக் கத்துக்குடுத்துடலாம். முப்பது வருஷம் அந்த வேலையிலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்" என்றாள் பூங்காவனம். "தூக்கிக் குடுத்தேன்."

ஸ்டுடியோவுக்குள் இருந்த சுவரெல்லாம் பலகை. தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எவன் பூசினாலும் நிக்காது" என்றாள். பின்பக்கம் ஆட்களுக்கென்று கட்டி, செங்கல்லோடு பாதியில் விட்ட கக்கூஸ் ஒன்று இருந்தது. கலவை போட்டுக் கொடுக்க லூர்து மேரி இருந்தாள். கரணை ஒரு உடைந்த பக்கெட்டில் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. யாரும் நீட்டவில்லை. குனிந்து அவளே எடுத்தாள். இவ்வளவு லேசாகவா இருக்கும் என்று நினைத்தாள்.

சுவரை நனைத்தாள். கலவையை அள்ளி, ஏகாம்பரம் வீசுகிற மாதிரியே வீசினாள். ஒட்டிக்கொண்டது. இரண்டு எண்ணுவதற்குள் மொத்தமாகக் கழன்று அவள் காலில் விழுந்தது.

"சொன்னான் பாத்தியா ராஜதுரை" என்றாள் லூர்து மேரி.

மறுபடி வீசினாள், விழுந்தது. கலவையை இறுக்கச் சொன்னாள், விழுந்தது. கேமராவைப் பிடித்திருந்த ரெஜினா தலையைத் திருப்பிக்கொண்டாள். போனில் ஜோஸ்பினைக் கூப்பிட்டார்கள். அவள் மறுமுனையில் சிரித்தாள். "அத்தை, எனக்கு ஒரு வாரம் விழுந்துது. எல்லாருக்கும் விழும். எங்க மேஸ்திரிக்கும் மொத நாளு பூரா விழுந்துதாம், குடிச்சிட்டு ஒரு தபா அவரே சொன்னாரு."

பூங்காவனம் கரணையைப் பிடித்தபடி நின்றாள். எல்லாருக்கும் விழும். அப்படியானால் அவனுக்கும் விழுந்திருக்கும். கன்னத்தை வைத்துத் தூங்கலாம் என்கிற சுவர்களுக்கெல்லாம் முன்னால் எங்கோ ஒரு சுவரில், யாரும் பார்க்காதபோது, ஏகாம்பரத்தின் காலிலும் கலவை விழுந்திருக்கும். இருபத்து மூன்று வருஷம் கூடப் படுத்து எழுந்தவளிடம் அதை அவன் சொன்னதில்லை.

பொழுது சாயும்போது சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு திட்டு ஒட்டிக்கொண்டது. ரெஜினா அத்தனையையும் எடுத்துக் கதைக்காரனுக்குக் கொடுத்தாள்.

கதைக்காரன் நல்ல மாணாக்கன். மறுவாரமே கோமதி திரையில் கரணையைப் பிடித்தாள். கை பூங்காவனத்தின் கைதான், காய்ப்பு உட்பட. வீசினாள், விழுந்தது. ஊரெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மறுநாளும் விழுந்தது. அதற்கு மறுநாள் ஒட்டினது போல் இருந்து, காற்றடித்து விழுந்தது. பழைய ஆட்களோடு சேர்த்துக் கூட்டுரோட்டிலிருந்து புதுசாகப் பிடித்து வந்த ஆட்களின் கோடுகள் மலையாக ஏறி நின்றன. ரெஜினா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்கு என்ன தெரியுமோ அதைத்தானே அது செய்யும்?

பூங்காவனம் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பாதியில் நின்ற அந்தக் கக்கூஸையும் சுற்றுச்சுவர் முழுக்கவும் பூசி முடிக்கச் சொல்லி ஸ்டுடியோக்காரரே கேட்டிருந்தார். ஜோஸ்பின் ஒரு பக்கம், அவளிடம் கேட்டுக் கேட்டு இவள் ஒரு பக்கம்.

கோமதி கலவை வீச ஆரம்பித்த நாற்பதாம் நாள் மத்தியானம் லூர்து மேரி குளிர் ரூமிலிருந்து வெயிலுக்கு வந்து, சோற்றுத் தூக்கைத் திறக்காமலே நின்றாள். "இன்னிக்கும் வியுந்துடுச்சுடி. எனக்கே நெஞ்சு அடிச்சுக்குது. ஒட்டுமா, ஒட்டவே ஒட்டாதா?"

பூங்காவனம் திரும்பாமல் சொன்னாள். "ஒட்டும். செவுத்த ஒட்டி நிக்கறா அவ, அரை அடி தள்ளி நிக்கணும். முழுக் கையால வீசக்கூடாது, மணிக்கட்டால சுண்டணும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒரு வார்த்தை." அவள் கரணையால் சுவரை ஒரு தரம் வழித்துவிட்டாள். வெயிலில் அது ஈரமாக மின்னியது. "எங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்கலாம். பதினோரு வருசம் இருந்துச்சு."